கட்டுரைக்குப் பிறகே கடல்: டெபியன் சர்வரில் ஒரு தமிழ் லோகேலைத் தொகுத்த அனுபவம்

எங்கள் ஊரில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் சிறிய நூலகத்தின் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றித் தரும் பொறுப்பை நான் ஏற்றபோது, தரவைத் தட்டச்சு செய்வதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது இரண்டு மாதத்தில் முடிந்தது. லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 12 நிறுவிய ஒரு வாடகைச் சர்வரில் போஸ்ட்கிரெஸ் 15 தரவுத்தளத்தை அமைத்து, முதல் அச்சுப்படியை எடுத்து நூலகர் அக்காவிடம் கொடுத்தேன். முப்பது ஆண்டுகளாகக் கையெழுத்துப் பதிவேட்டை அகரவரிசையில் பராமரித்து வருபவர் அவர். ககர வரிசைப் பக்கத்தைப் பார்த்ததும், "கடலுக்கு அப்புறம் கட்டுரை வருது, கணக்குக்கு அப்புறம் கண் வருது. எந்த அகராதியில இப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

விடை, ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் யூனிகோடு எண்களில் இருந்தது. ஒரு மொழியின் அகரவரிசை, நாள், எண் போன்ற வழக்கங்களைக் கணினிக்குச் சொல்லும் அமைப்பு லோகேல். சர்வரில் இயங்கிக்கொண்டிருந்தது சி.யூடிஎஃப்-8 என்னும் பொதுவான லோகேல். அது எந்த மொழியின் அகரவரிசையையும் அறியாது, எழுத்துகளின் எண்ணைக் கொண்டே வரிசைப்படுத்தும். பதின்ம எண்ணில் சொன்னால் ககரத்தின் எண் 2965. ஔகாரத்துக்குரிய உயிர்க்குறியின் எண் 3020, அதற்கு அடுத்த 3021 புள்ளிக்குரியது. ஆகவே எண் வரிசையில் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் தள்ளப்படுகிறது; நம் மரபிலோ அது 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டும். 'கடல்', 'கட்டுரை' இரண்டிலும் மூன்றாவதாக வரும் குறிகளை ஒப்பிடும்போது லகரம் புள்ளியை முந்திவிடுகிறது. மெய்களின் வரிசையும் இதே கதைதான். னகரம் 2985, பகரம் 2986 என்பதால் 'கனவு' 'கபிலரை' முந்துகிறது. ழகரம் வகரத்துக்கு முன் இருப்பதால் 'அழகு' 'அவனை' முந்துகிறது. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் புகுந்து நிற்கிறது.

இதைப் படித்தறிந்த பிறகுதான், பல மாதங்களாக நான் பொருட்படுத்தாமல் விட்டிருந்த ஓர் எச்சரிக்கையின் பொருள் விளங்கியது. மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவுக் கருவி வழியாகச் சர்வருக்குள் நுழையும்போதெல்லாம், லோகேலை அமைக்க முடியவில்லை, இயல்பான சி லோகேலுக்குத் திரும்புகிறேன் என்று பெர்ல் மொழியில் எழுதிய நிரல்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தன. டெபியனின் எஸ்எஸ்எச் அமைப்பில், லோகேலின் பெயரைத் தாங்கும் லாங் என்ற சூழல் மாறியையும் எல்சி என்று தொடங்கும் மாறிகளையும் மறுமுனைக்கு அனுப்பும் வரி முன்கூட்டியே இருக்கிறது. ஏற்றுக்கொள்ளும் வரி சர்வர் பக்கத்திலும் இருக்கிறது. என் மடிக்கணினி தமிழ் லோகேலில் இயங்குவதால் அந்தப் பெயர் சர்வருக்குப் போயிருக்கிறது. அந்தப் பெயரில் தொகுக்கப்பட்ட எதுவும் அங்கே இல்லை.

தொகுக்கப்பட்ட என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். லோகேல் என்பது மனிதர் படிக்கக்கூடிய ஒரு மூலக் கோப்பாக எழுதப்பட்டு, லோகேல்-டெஃப் என்ற கருவியால் இருமக் கோப்பாக மாற்றப்படுவது. லினக்ஸ் நிரல்கள் பொதுவாகச் சார்ந்திருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல்தொகுப்பில் அதற்குப் பன்னிரண்டு பிரிவுகள் உண்டு: எழுத்து வகை, எண், நாள், பணம், வரிசை, செய்தி, தாள் அளவு, முகவரி, தொலைபேசி என்று அவை நீளும். வரிசைக்கான பிரிவின் பெயர் எல்சி_கொலேட். என் சிக்கல் முழுவதும் அதற்குள் இருந்தது. மற்றவற்றைப் பற்றி அப்போது எனக்குக் கவலையில்லை.

முதல் படி எளிது. ஈடிசி அடைவில் உள்ள லோகேல்.ஜென் கோப்பில் இந்தியத் தமிழுக்குரிய டிஏ_ஐஎன் என்ற வரியின் முன்னிருந்து அதைச் செயலற்றதாக்கிய கருத்துக்குறியை நீக்கி, லோகேல்-ஜென் கட்டளையை இயக்கினேன். இலங்கைத் தமிழுக்கும் அந்தப் பட்டியலில் தனி வரி இருக்கிறது. புதிய லோகேலில் சோதனைப் பட்டியலை வரிசைப்படுத்தியபோது, னகரம் தன் இடமாகிய இறுதிக்குப் போயிருந்தது; வகரமும் ழகரமும் சீராகியிருந்தன. இந்த மெய்வரிசை, ஐஎஸ்ஓ 14651 என்ற பன்னாட்டு வரிசைத் தரத்தை ஒட்டி ஜிலிப்சியில் எழுதப்பட்டிருக்கும் பொதுக் கோப்பிலிருந்து வருகிறது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் புள்ளி எழுத்துகள், கிரந்த எழுத்துகள், கூட்டெழுத்துகள் ஆகியவற்றில் அக்காவின் பதிவேட்டுக்கென்று திட்டமான வழக்கம் இருந்தது. அதைக் கணினி ஒரு பதிப்பில் பின்பற்றி அடுத்த பதிப்பில் கைவிடக் கூடாது என்பதற்காக, விதிகளை நானே எழுதி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். புதிய லோகேலுக்கு, டிஏ_ஐஎன் என்பதற்குப் பின் அட் (@) குறியிட்டு 'நூல்' என்று பெயர் வைத்தேன். பன்னிரண்டு பிரிவுகளில் பத்தை அப்படியே டிஏ_ஐஎன் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு 'காப்பி' வரி போதும். அடையாளப் பிரிவில் சில விவரங்களை நிரப்பினேன். வரிசைப் பிரிவில் பொதுக் கோப்பை முதலில் அழைத்துவிட்டு, மெய்யும் புள்ளியும் சேர்ந்த பதினெட்டு இணைகளையும் ஒவ்வொன்றையும் ஓர் அலகாக அறிவித்து, அந்தந்த அகரமேறிய மெய்க்கு முன்னால் இடம் கொடுத்தேன். மொத்தம் எண்பது வரிகளுக்குள்தான். எழுத்துகளை எண்ணாகவே எழுத வேண்டியிருந்ததால் கண்கள் களைத்தன.

முதல் தொகுப்பு, முடிந்தது என்ற ஒரே சொல்லோடு நிறைவேறியது. ஆனால் 'கண்' இன்னும் 'கணக்கு'க்குப் பின்னால்தான் இருந்தது. அரை நாள் தேடிய பிறகே காரணம் தெரிந்தது. டெபியனின் லோகேல்-ஜென் என்பது லோகேல்-டெஃபை அழைக்கும் ஒரு சிறு ஷெல் நிரல். அது அழைக்கும்போது, குறைகள் இருந்தாலும் வெளியீட்டை உருவாக்கிவிடு என்னும் தெரிவைச் சேர்த்தே அழைக்கிறது. அந்தத் தெரிவு இல்லாமல் லோகேல்-டெஃபை நேரடியாக இயக்கியதும், ணகரத்துக்கு நான் வைத்த குறியீட்டுப் பெயர் ஓரிடத்தில் பிழையாக இருப்பதை, வரி எண்ணோடு சொல்லிவிட்டு, வெளியீடு எதுவும் உருவாக்காமல் நின்றது. சொந்தமாக லோகேல் எழுதுபவர்கள் முதலில் நேரடியாகத் தொகுத்துப் பார்க்க வேண்டும் என்பேன். லோகேல்-ஜென் சொல்லும் 'முடிந்தது' எதற்கும் சான்றல்ல.

நேரடியாகத் தொகுத்த ஆர்வத்தில் அதை அப்படியே விட்டது அடுத்த தவறு. மூன்று வாரம் கழித்து வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் போட்டுச் சர்வரை மறுதொடக்கம் செய்தேன். மறுநாள் நூற்பட்டியல் பக்கம் திறக்கவே இல்லை. அந்தப் பெயரில் லோகேல் இல்லை என்று போஸ்ட்கிரெஸ் பிழை காட்டியது. தொகுக்கப்பட்ட லோகேல்கள் எல்லாம் லோகேல்-ஆர்க்கைவ் என்ற ஒரே பெரிய கோப்பில் சேர்கின்றன. லோகேல்-ஜென் இயங்கும்போது அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, லோகேல்.ஜென் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் புதிதாகத் தொகுக்கிறது. என் லோகேல் அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே காணாமற்போனது. மூலக் கோப்பை யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவின் கீழ் அதற்கென்றே உள்ள இடத்தில் வைத்து, பட்டியலிலும் ஒரு வரி சேர்த்த பிறகு, புதுப்பிப்புகளின்போது அது தானாகவே தொகுக்கப்படுகிறது.

இவ்வளவும் ஆன பிறகு அக்கா மீண்டும் ஒரு குறை சொன்னார். க்ஷேத்திரம் என்று தொடங்கும் நூல்கள் ககர வரிசையின் தலைமாட்டில் நின்றன. என் விதி க்-ஐத் தனி அலகாக முன்னால் கொண்டுவந்ததன் விளைவு அது. கணினிக்கு 'க்ஷ' என்பது க்-உம் ஷ-வும்தான். பதிவேட்டில் அது ஹகரத்துக்குப் பின் கடைசியில் வருவது. மூன்று குறிகளையும் சேர்த்து ஓர் அலகாக அறிவித்து அங்கே வைத்து, மறுபடி தொகுத்து, தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்தேன். பட்டியல் அழகாக வந்தது.

பத்து நாள் கழித்து, க்ஷேத்திர நூல் ஒன்றைத் தேடினால் கிடைக்கவில்லை, பதிவு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துப் புதிதாக ஏற்றிவிட்டேன் என்றார் அக்கா. எனக்கு உடனே வயிற்றைக் கலக்கியது. தலைப்பும் ஆசிரியரும் சேர்ந்து ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது என்று நான் தனித்துவச் சுட்டு (யூனிக் இண்டெக்ஸ்) போட்டிருந்தேன். அதையும் மீறி இரண்டாம் பதிவு உள்ளே போயிருந்தது. சுட்டு என்பது வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு மரம். பழைய விதிப்படி அந்த நூல் ககரத்தின் தொடக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தது. புதிய விதிப்படி தேடும் நிரல் நேராக மரத்தின் கடைக்கோடிக்குப் போய், அங்கே இல்லை என்று திரும்பியது. அதே காரணத்தால்தான் இரட்டைப் பதிவையும் அது கண்டுபிடிக்கவில்லை. சுட்டை மறுபடி உருவாக்கும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். இப்போது இரட்டைப் பதிவு கண்ணில் பட்டு, தனித்துவச் சுட்டை உருவாக்க முடியாது என்று மறுத்தது. இரண்டில் ஒன்றை நீக்கிய பிறகே வேலை முடிந்தது.

இது என் கைப்பிழை மட்டும் உண்டாக்கும் கோளாறு அல்ல. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 பதிப்பு வரிசை விதிகளைப் பெருமளவில் மாற்றியது. டெபியன் 10-க்கு மாறி, சுட்டுகளை மறுபடி உருவாக்காமல் விட்ட தரவுத்தளங்களிலும் இதே வகைக் கோளாறு நேர்ந்தது. அதன் பின்னர் போஸ்ட்கிரெஸ் வரிசை விதியின் பதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டு, மாறினால் எச்சரிக்கிறது. என் விஷயத்தில் அந்த எச்சரிக்கை ஏன் வரவில்லை என்றால், அது குறித்து வைப்பது ஜிலிப்சியின் பதிப்பெண்ணை, அதாவது டெபியன் 12-இல் 2.36 என்பதை மட்டுமே. மூலக் கோப்பை நான் எத்தனை முறை திருத்தித் தொகுத்தாலும் அந்த எண் மாறாது.

ஸ்ரீயில் தொடங்கும் நூல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்ததையும் இந்தச் சாக்கில் கண்டேன். பார்வைக்கு ஒன்றே போல் இருந்தாலும், சில பதிவுகளில் அது ஸகரத்தை, அதாவது எண் 3000-ஐ, முதலாகக் கொண்டும், சிலவற்றில் 2005-இல் யூனிகோடு 4.1 சேர்த்த 2998-ஆம் எண்ணெழுத்தை முதலாகக் கொண்டும் அமைந்திருந்தது. இதை லோகேலில் சரிசெய்யவும் வழி உண்டு. நான் தரவிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது மூலக் கோப்பைத் திருத்துவதையும், தொகுப்பதையும், சுட்டுகளை மறுபடி உருவாக்குவதையும் ஒரே நிரலில் கட்டிவைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் தனியாகச் செய்ய வழியில்லை. நிரலின் முடிவில் ஒன்பது சொற்கள் வரிசைப்படுத்தப்பட்டுத் திரையில் வரும்: அவன், அழகு, கட்டுரை, கடல், கண், கணக்கு, கபிலர், கனவு, க்ஷேத்திரம். அந்தப் பட்டியலை அக்கா தன் பதிவேட்டின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். புதுப்பிப்பு போட்டேன் என்று நான் தொலைபேசியில் சொன்னால், வரிசையை வாசிக்கச் சொல்லிக் கேட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்.