1960, டோக்கியோ: சும்மா இருந்தவர்களும் தெருவுக்கு வந்த ஜூன்

ஜப்பானின் 1960-ஐப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மே 19 இரவில்தான் கோபம் தலைக்கேறும். அமெரிக்காவுடனான புதிய பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து, நாடாளுமன்றக் கீழவையில் எதிர்க்கட்சியான சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் அவைத்தலைவரின் வழியை மறித்து உட்கார்ந்தார்கள். போலீசை உள்ளே வரவழைத்து அவர்களைத் தூக்கி வெளியேற்றிவிட்டு, நள்ளிரவு தாண்டியதும் பிரதமர் கிஷியின் கட்சி ஒப்பந்தத்தை நிறைவேற்றிக்கொண்டது. போர் முடிந்து 15 வருஷம்தான் ஆகியிருந்தது; கிஷியோ போர்க்காலப் பிரதமர் டோஜோவின் அமைச்சர். ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

தெருவுக்கு வராத குரலற்றவர்களின் குரல் தனக்குக் கேட்கிறது, பேஸ்பால் மைதானங்கள் நிரம்பித்தானே இருக்கின்றன என்றார் கிஷி. ஓவிய ஆசிரியை கொபயாஷி தோமி அதே சொற்களைத் துணியில் எழுதினார்: ‘யாரும் சேரலாம், குரலற்ற குரல்களின் சங்கம்’. ஜூன் 4 அன்று அதைப் பிடித்துக்கொண்டு நடந்தவருக்குப் பின்னால், நடைபாதையில் வேடிக்கை பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துகொண்டார்கள். எந்தக் கட்சியும் கூப்பிடாமல் வந்தவர்கள். இந்த வருஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஜூன் 15-இல் நாடாளுமன்ற வளாக மோதலில் மாணவி கன்பா மிச்சிகோ இறந்தார், வயது 22. அமெரிக்க அதிபர் ஐசனோவரின் வருகை ரத்தானது. கீழவை ஒப்புதல் தந்து 30 நாள் ஆகிவிட்டதால், மேலவை வாக்களிக்காமலே ஒப்பந்தம் ஜூன் 19 நள்ளிரவில் தானாகவே நிறைவேறியது. அப்புறம் அக்டோபர் 12, ஹிபியா மண்டபம்: மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் தலைவர் அசனுமாவை 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான்.

நவம்பர் தேர்தலில் அதே ஆளுங்கட்சி ஜெயித்ததால் போராட்டம் தோற்றது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிஷி பதவி விலகினார். அடுத்துப் பிரதமராக வந்த இகேதா, கிஷி ஆசைப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, வருமானத்தை இரட்டிப்பாக்குவேன் என்றுதான் ஓட்டு கேட்டார்.