வாரம் ஒரு படம், தியேட்டரில் மட்டும்

இந்த வருஷத்துக்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட சவால் இது. ஓடிடியில் பார்ப்பது கணக்கில் வராது. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அவர்களுக்கு ஸக்கரியா ஸ்வோப்பைத் தெரியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர். 2022 ஜூலையில் ஆரம்பித்து ஒரே வருஷத்தில் தியேட்டரில் 777 படம் பார்த்து கின்னஸில் ஏறினார். முந்தைய சாதனை 715. அதுவும் வேலையை விடாமல்! மாதச் சந்தா இருந்ததால் டிக்கெட் செலவு கட்டுப்படியாகியிருக்கிறது. ஆனால் கின்னஸ் விதி கடுமை. படம் ஓடும்போது தூங்கக்கூடாது, போனைத் தொடக்கூடாது, தின்னவோ குடிக்கவோ கூடாது. ஒரே படத்தைத் திரும்பப் பார்த்தாலும் கணக்கில் சேரும். பூட்ஸ் போட்ட பூனை வரும் கார்ட்டூனை மட்டும் 47 தடவை பார்த்திருக்கிறார். பொறுமைக்கே ஒரு கின்னஸ் கொடுக்கலாம்.

தின்னக்கூடாது என்ற விதி எனக்கும் பிடித்திருக்கிறது. பாப்கார்ன் விலைக்கு இன்னொரு டிக்கெட்டே வாங்கிவிடலாம்.

பொங்கல், தீபாவளி என்றால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று திண்டாட்டம். சிக்கல் பரீட்சை, ஐபிஎல் சீசனில்தான். பெரிய படங்கள் ஒதுங்கிவிடும். அப்போது மலையாளப் படங்கள்தான் கைகொடுக்கும். சில வாரம் மொக்கைப் படத்துக்கும் போய் உட்கார வேண்டியதுதான், வேறு வழியில்லை.

முடிந்தவரை பழைய அரங்குகளாகப் பார்த்துப் போகிறேன். 1983இல் திறந்த சென்னை அசோக் நகர் உதயம் தியேட்டரே மூடியாகிவிட்டது. மிச்சமிருப்பதையாவது பார்த்துவிட வேண்டும்.

சரி, புதன்கிழமை மதியக் காட்சிக்கு யாராவது வருகிறீர்களா? டிக்கெட் என் செலவு, பாப்கார்ன் உங்கள் செலவு.