கொடிக்கயிறாகப் போன பாராகார்ட்

கொழுக்குமலைக்குப் போனபோது கூடாரத்துக்கு மேல் தார்ப்பாய் கட்டவென்று 30 மீட்டர் பாராகார்ட் என்ற மெல்லிய நைலான் கயிறு வாங்கினேன். அங்கே செலவானது ஆறு மீட்டர். மீதி பீரோ மேல் கிடந்தது. மாடியில் துணி காயப்போடும் கொடி அறுந்த அன்றுதான் ஞாபகம் வந்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பாவாடை நாடா மாதிரில்ல இருக்கு, ஈரப் போர்வையைத் தாங்குமாடா?" என்றார்.

பருமன் 4 மில்லிமீட்டர்தான். வெட்டிப் பார்த்தால் வெளியே பின்னிய உறை, உள்ளே ஏழு வெள்ளை இழைகள். 550 ரகம் என்றால் 550 பவுண்டு, கிட்டத்தட்ட 250 கிலோ இழுவை தாங்கும். அது புதுக் கயிற்றை முடிச்சே இல்லாமல் நேராக இழுத்தால். முடிச்சு விழுந்த இடத்தில் பலம் நன்றாகவே குறையும். வெட்டியதும் முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உறை பிரிந்து துடைப்பமாகிவிடும். சூட்டோடு விரலால் அழுத்தாதீர்கள். நான் அழுத்தினேன், கொப்புளம்.

முதல் நாள் கூடாரத்துக்குப் போடும் இழுவை முடிச்சையே போட்டேன். தூணைச் சுற்றி வந்து, இறுகி நிற்கும் கயிற்றின் மேல் உட்புறம் இரண்டு சுற்று, வெளிப்புறம் ஒன்று. முடிச்சைப் பிடித்து நகர்த்தினால் கயிறு இறுகும். கூடாரத்துக்கு அருமை. இரண்டு போர்வை ஏறியதும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. இந்த உறை அவ்வளவு வழவழப்பு. சாயங்காலம் தூறல் வேறு. நைலான் ஈரம் குடித்தால் நீளும் என்பதை மறந்திருந்தேன். காலையில் போர்வை தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பா பழைய லாரி டிரைவர். பார்த்துச் சிரித்துவிட்டு, பாரத்துக்குப் போடும் கட்டைக் காட்டினார். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி, முனை தூணைச் சுற்றி வந்து அந்தக் கண்ணிக்குள் நுழைந்து திரும்புகிறது, அப்புறம் ஒரே இழுப்பு. கப்பி வைத்து இழுப்பதுபோல, கை கொடுப்பதைவிடக் கூடுதல் இறுக்கம். முனையை அவிழ்சுருக்காக முடிந்தால் ஒரு இழுப்பில் கழன்றுவிடும். இப்போது மழைக்கு மறுநாள் ஒரு முறை இழுத்துக் கட்டினால் போதும்.

உள் இழைதான் எனக்கு அதிகம் பிடித்துப்போனது. வெட்டிய துண்டில் உறையைப் பிடித்து இழையை உருவினால் சுலபமாக வந்துவிடுகிறது. பிய்ந்த மார்க்கெட் பையின் காதைக் கோணி ஊசியில் கோத்துத் தைத்தேன். பாகற்கொடி ஏற ஜன்னல் கம்பியிலிருந்து நான்கு இழை இறக்கினேன். வெறும் உறை சாவிக்கொத்துக்குப் போனது.

மூன்று மாத வெயிலில் கொடியின் ஆரஞ்சு நிறம் வெளிறி, மேல்புறம் சொரசொரவென்று ஆகியிருக்கிறது. வெயில் நைலானுக்கு ஆகாது. கோடை முடிந்ததும் மாற்றிவிடப் போகிறேன்.

கிணற்று வாளிக்கும் கட்டிப் பார்த்தேன். இரண்டே வாளிதான், உள்ளங்கையை அறுத்துவிட்டது. பழைய தேங்காய்நார்க் கயிறே திரும்பவும் உருளையில் ஏறிவிட்டது.

அக்கா மகள் ஊஞ்சல் கேட்கிறாள். "250 கிலோ தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க மாமா?" நின்ற பாரம் வேறு, ஆடும் பாரம் வேறு என்று விளக்கிப் பார்த்தேன். கேட்கவில்லை. தடித்த வடக்கயிறு வாங்கத்தான் போகவேண்டும்.