தரையில் விட்ட பிள்ளை

“நாலு மாசம் ஆச்சு, இன்னும் தலை நிக்கலையா?” என்று எதிர்வீட்டு மதினி சாதாரணமாகத்தான் கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாப்பா 33 வாரத்தில் பிறந்தவள். ஏழு வாரம் முந்தி வந்தவளுக்கு வயதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் இருக்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்குப் போனோம்; பிள்ளைகளின் வளர்ச்சியில் தாமதம் இருக்கிறதா என்று பார்க்கிற இடம். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா முதலில் ஒரு கழித்தல் கணக்குப் போட்டார். நாலு மாதத்தில் ஏழு வாரத்தைக் கழித்தால் இரண்டு மாதம் சொச்சம். “இந்த வயசுக்கு இவ சரியாத்தான் இருக்கா. இரண்டு வயசு வரைக்கும் இப்படியே கழிச்சுப் பாருங்க.” சரி, பிழைத்தேன் என்று எழுந்திருக்கப் போனேன். அவர் பாப்பாவின் பின்மண்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பகல்ல எங்க படுக்க வைப்பீங்க?”

தூளியில், மடியில், தோளில். எங்கள் வீட்டில் பாப்பா தரையைத் தொட்டதே கிடையாது. குறைமாதப் பிள்ளை என்று ஆளாளுக்குத் தூக்கியே வைத்திருந்தோம். கட்டிலில் போட்டாலும் ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டு கிடப்பாள். வலது பக்கம் லேசாகச் சப்பையாகியிருந்ததை அக்கா சொன்ன பிறகுதான் நான் கவனித்தேன்.

மருந்து எதுவும் எழுதவில்லை. விளையாட்டுதான் சொல்லி அனுப்பினார்.

முதல் வேலை, முழித்திருக்கும்போது குப்புறப் போடுவது. பால் குடித்த உடனே கூடாது. துணி மாற்றியதும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். கேட்க எளிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து கோரைப்பாயில் போர்வை விரித்துப் போட்டேன். மூக்கைத் தரையில் தேய்த்து, முகம் சிவந்து, அப்படி ஓர் அழுகை. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாரித் தூக்கிவிட்டார். “பிள்ளையைத் தரையில போட்டா சளி பிடிக்கும்ளா.”

மூன்று நாள் இப்படியே போனது. நாலாவது நாள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். நான் சாய்ந்து படுத்துக்கொண்டு என் நெஞ்சின் மேல் அவளைக் குப்புறப் போட்டேன். என் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள். ஆடி ஆடி ஒரு நொடி நின்ற தலை, தொப்பென்று என் கழுத்தில் விழுந்தது. மறுபடி தூக்கினாள். இதுவும் கணக்கில் சேரும் என்று அக்கா பிறகு சொன்னார். இன்னும் நகரத் தெரியாத குழந்தைக்கு விட்டுவிட்டு நாளுக்கு அரை மணி நேரமாவது குப்புற இருக்கும் பழக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதாம். எங்களுக்கு அந்த அரை மணி சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

பாய்க்கு மாறியபோது நெஞ்சுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். எதிரே என் பழைய சிலேட். பிறந்த புதிதில் குழந்தைக்குச் சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும்; அப்புறம் மெல்ல மெல்லப் பார்வை எட்டும். கறுப்பு-வெள்ளை என்றால் கண் சட்டென்று நிற்கும். கடையில் அதற்கென்றே அட்டைகள் விற்கிறார்கள். எனக்குக் கோலம் போட வரும், அது போதாதா? ஐந்து புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலத்தைச் சாக்பீஸால் போட்டு வைப்பேன். முறைத்து முறைத்துப் பார்ப்பாள். தலை திரும்பாத இடது பக்கத்துக்குச் சிலேட்டை மெதுவாக நகர்த்தினால் கண் முதலில் போகும், பின்னாலேயே தலை போகும். கட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் தினமும் மாற்றினோம். ஜன்னல் இன்று வலது, நாளை இடது. சப்பை கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது.

அத்தையை என் பக்கம் இழுத்தது பருப்புக் கடைதல்தான். கையை எப்போதும் மூடியே வைத்திருக்கிறாள், விரல்களைப் பிரித்து விளையாடுங்கள் என்று அக்கா சொன்னதை வீட்டில் சொன்னேன். “இதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போகணுமாக்கும்?” என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிக் கடைந்து, விரல் விரலாக மடக்கி ஆளுக்கொரு வாய் ஊட்டி, கடைசியில் நண்டு ஊர்ந்து ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு. முதலில் அக்குளைத் தொட்டால்தான் சிரிப்பாள். ஒரு மாதம் கழித்து நண்டு மணிக்கட்டைத் தாண்டும் முன்பே உடம்பைக் குறுக்கிக்கொண்டு கெக்கலித்தாள். அடுத்து வரப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது! அன்றிலிருந்து அத்தையும் பாயில்தான்.

இதற்கிடையில் கொழுந்தன் ஆசையாக ஒரு வாக்கர் வாங்கி வந்தான், பாட்டெல்லாம் பாடும். அக்கா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். சீக்கிரம் நடக்க வைக்காது, படியில் உருண்டு அடிபடும் பிள்ளைகள்தான் அதிகம் என்றார். கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். பரணுக்கு ஏற்றினோம். கொழுந்தன் இரண்டு நாள் பேசவில்லை. (நம்ம ஊர் மர நடைவண்டி வேறு கதை. அது தானாக எழுந்து நிற்கிற பிள்ளை தள்ளிக்கொண்டு போவது.)

உட்கார ஆரம்பித்ததும் விளையாட்டுச் சாமான் எல்லாம் அடுப்படியிலிருந்தே வந்தது. எவர்சில்வர் டம்ளரைத் துண்டுக்கடியில் ஒளித்து வைப்பேன். முதலில் மறைத்ததும் மறந்துவிடுவாள். எட்டாம் மாதம் தாண்டியபின் ஒருநாள் துண்டை இழுத்து எறிந்துவிட்டு டம்ளரை எடுத்தாள். அவளுக்குப் பிரியமானது காலி அஞ்சறைப்பெட்டி. ஏழு கிண்ணத்தையும் ஒவ்வொன்றாக வெளியே போடுவாள், நான் திரும்ப அடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சின்ன விரல்களுக்கு வேலை கொடுக்க இட்லித் துணுக்கு வைப்பேன். பொட்டுக்கடலை, நிலக்கடலை எதையும் கிட்டேயே விடவில்லை. தொண்டையில் சிக்கினால் போச்சு.

தவழ்ந்தது பத்தரை மாதத்தில், அதுவும் பின்பக்கமாக. எட்டாத டம்ளரைப் பார்த்துக் கையை ஊன்றித் தள்ளுவாள், தள்ளத் தள்ள டம்ளர் தூரமாகப் போகும், கடைசியில் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டு கத்துவாள். நான் பயந்துபோய் வீடியோ எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். கைக்குத்தான் முதலில் பலம் வந்திருக்கிறது, கால் பின்னாலேயே வரும் என்றார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா என்று மட்டும் பார்த்தார். ஒரு கையை மட்டுமே நீட்டினாலோ, உடம்பு விறைத்தாலோதான் உடனே வரச் சொன்னார்.

பத்து நாளில் கியர் மாறியது. ஒருநாள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அத்தை டிவி முன்னால் இருந்தார், பாய் காலியாகக் கிடந்தது. அடுப்படியில் ‘டங்’ என்று சத்தம். கீழ்த்தட்டில் இருந்த நிஜ அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்து, முகமெல்லாம் மஞ்சள்பொடியோடு உட்கார்ந்திருந்தாள். வாயில் எதுவும் இல்லை என்று விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெட்டி அன்றைக்கே மேல்தட்டுக்குப் போய்விட்டது.