கடல் பக்கத்து ஃபிளட்டில் புது டைல்ஸ்

கொழும்பில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய தொடர்மாடி வீடுகளில் பல இப்போது புதுப்பித்த வீடுகள்தான். பளபளக்கும் டைல்ஸ், ஜிப்சம் சீலிங், புதுப் பன்ட்ரி. விலையில் ஒரு பெரிய துண்டு இந்த மினுக்கலுக்கே போகிறது. புதுப்பித்தது கெட்ட விஷயமில்லை. ஆனால் கடற்காற்று கெடுக்கும் இடங்கள் எல்லாம் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் உள்ளே இருக்கின்றன. புதுப்பிக்கும் வேலை முதலில் மூடுவதும் அந்த இடங்களைத்தான்.

கொங்கிரீட்டில் தொடங்குவோம். கடல் உப்பு மெல்ல மெல்ல உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமன் கேட்கும். அந்த அழுத்தத்தில் மேலிருக்கும் கொங்கிரீட் வெடித்துப் பொரிந்து விழும். முதலில் அடிபடுவது மேற்குப் பக்கப் பல்கனியின் அடிப்பகுதியும், ஜன்னலுக்கு மேலுள்ள வெயில் மறைப்பும். வீட்டுக்குள் இவற்றுக்குப் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு ரூபாய்க் குற்றியாலோ சின்னச் சுத்தியலாலோ தட்டிப் பாருங்கள். திடமான இடம் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். பிறகு ஒழுங்கையில் இறங்கி நின்று, அதே பல்கனியையும் மேல்மாடிப் பல்கனிகளையும் கீழிருந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பல்கனியில் கம்பி தெரிந்தால் உங்கள் வீட்டுப் பெயின்டை நம்ப வேண்டாம், இரண்டையும் ஒரே காலத்தில் ஒரே கொங்கிரீட்டில்தான் கட்டியிருப்பார்கள்.

பார்க்கப் போகும் மாதமும் முக்கியம். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மழையைக் கடல் பக்கமிருந்து சாய்த்து அடிக்கும். பெப்ரவரியில் போனால் சுவர் காய்ந்து அழகாக இருக்கும். மழை நாளில், முடிந்தால் மழை விட்ட மறுநாள் போங்கள். ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகளில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வட்ஸ்அப் வீடியோவில் ஈரம் தெரியாது. லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ வாங்குகிறவர்கள் இங்குள்ள சொந்தக்காரரை அனுப்பும்போது இதையும் சொல்லியனுப்ப வேண்டும்.

பாத்ரூமில்தான் அதிகம் ஏமாறுவார்கள். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தளம் சுமார் 15 மி.மீ. உயரும். கதவின் அடியை வெட்டியிருப்பது அதற்கு ஒரு அடையாளம். பாத்ரூமுக்கும் அறைக்கும் இடையிலிருந்த படி குறைந்திருப்பது இன்னொன்று. அந்தப் படி போனால், வடிகால் அடைத்த நாளில் தண்ணீர் நேரே படுக்கையறைக்கு வரும். பழைய நீர்த்தடுப்புப் படலம் பழுதாக இருந்தால் அதன் மேல் எத்தனை டைல்ஸ் ஒட்டினாலும் கசிவு நிற்காது. சோதனை லேசு: தரை வடிகாலைத் துணியால் அடைத்து, 25 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விட்டுவிட்டுக் கீழ்வீட்டுக்காரரின் சீலிங்கைப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில். கீழ்வீட்டுக்காரரோடு பேசுவதில் இன்னொரு லாபமும் உண்டு: மேல்வீட்டிலிருந்து இதுவரை என்னென்ன ஒழுகியது என்று அவர் கேட்காமலே சொல்வார். ஷவர் தரை ஒரு மீற்றருக்கு 12 மி.மீ. அளவாவது வடிகால் பக்கம் சரிய வேண்டும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தேங்கும் இடம் தெரிந்துவிடும்.

பழைய தரையின் மேல் 40 மி.மீ. சீமெந்துச் சாந்து போட்டு மட்டம் செய்திருந்தால், 1,000 சதுர அடி வீட்டில் அது மட்டுமே ஏறக்குறைய ஏழரைத் தொன் கூடுதல் பாரம். எந்தப் பொறியியலாளரைக் கேட்டுப் போட்டார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

மின்சாரத்துக்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். 30 அம்பியர் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு 230 வோல்ட்டில் தருவது 6.9 கிலோவாட். 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு (பி.டி.யு.) ஏசி ஒன்று சுமார் 1.1 கிலோவாட். மூன்று ஏசியும் 3.5 கிலோவாட் உடனடி வெந்நீர்க் கருவியும் ஒன்றாக ஓடினாலே 6.8 வந்துவிடும், அதோடு கேத்தல் போட்டால் வீடு இருட்டு. மூன்று அறைக்கும் ஏசி பூட்டிய வீட்டில் மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) இணைப்பு இருக்கிறதா என்று மீற்றரைப் பாருங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினால் உடனே விழ வேண்டும். அதில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். 13 அம்பியர் புது பிளக் பொயின்ட்டுக்குப் பின்னால் பழைய வயரே இருக்கலாம். ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்க்க மின்வினைஞரைக் கூட்டிப் போங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்றால் எதற்கு என்று கேளுங்கள்: லிஃப்டுக்கும் பம்புக்கும் மட்டுமா, வீட்டுக்குள்ளுமா?

ஏசியின் வெளி யூனிட்டை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் திறந்த சுவரில் இருந்தால் தகடுகள் உப்பில் உதிரும், தாங்கும் பிரக்கெட்டும் துருவேறும். பல்கனிக் கைப்பிடியில் சாதாரண 304 தர ஸ்டெயின்லஸ் ஸ்டீல் போட்டால் தேநீர்க் கறை போலப் பழுப்புப் படியும், 316 தரம் அதைவிட நன்றாகத் தாங்கும். கடலோர ரயில் பாதையின் சத்தத்துக்கு ஜன்னலைப் பூட்டிக் கேட்டுப் பாருங்கள், பகல் பதினொரு மணிக்கல்ல, அலுவலக ரயில்கள் ஓடும் காலையில்.

கடல் தெரிகிறது என்பதற்கு நல்ல விலை கேட்பார்கள். காலி வீதிக்கும் (Galle Road) மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முன்னால் ஒரு பழைய தனிவீடு நின்றால், நாளைக்கு அங்கே மாடி எழும்பும் என்று எண்ணியே விலை பேசுங்கள். காட்சி உறுதிப் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

உறுதி என்றதும், தொடர்மாடி உரிமை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. பதிவான தொடர்மாடி வரைபடத்தில் உங்கள் அலகு, அதன் பரப்பு, அதற்குரிய கார் தரிப்பிடம் எல்லாம் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தரிப்பிடம் வரைபடத்தில் உங்கள் அலகோடு சேராமல், "எப்போதும் அங்கேதான் விடுவோம்" என்று வாயால் மட்டும் இருந்தால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று நடங்கள். பல்கனியை அறையாக்கியிருக்கிறார்களா? சுவரை உடைத்துக் கூடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்களா? அதற்கு அனுமதிக் கடிதம் எங்கே? அனுமதி இல்லாவிட்டால் பழையபடி மாற்றச் சொல்லி வரும் கடிதம் புது உரிமையாளருக்குத்தான் வரும். உறுதி எழுதும் நொத்தாரிஸ் காணிப் பதிவகத்தில் தேடும்போது கட்டியவர் வங்கிக்கு வைத்த ஈடு விடுவிக்கப்பட்டதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முத்திரைத் தீர்வை வாங்குபவர் தலையில்: முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. 4 கோடி ரூபா வீட்டுக்கு 15 இலட்சத்து 99 ஆயிரம். நொத்தாரிஸ் கூலி தனி. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் குறுக்கே வரும். முற்பணம் கொடுக்கும் முன்பே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மாடியின் பொது வேலைகளைக் கவனிக்கும் வீட்டுக்காரர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின், பேச்சில் சொன்னால் கொமிட்டியின், கடைசி ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். சேமிப்பு நிதியில் என்ன இருக்கிறது, எத்தனை வீட்டுக்காரர் மாதப் பணம் நிலுவை வைத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். லிஃப்ட் மாற்ற வேண்டிய வயதில் நிதி காலி என்றால் அந்தச் செலவில் ஒரு பங்கு உங்களுக்கு. நிலுவை இல்லை என்ற கடிதமும், சோலைவரி (மாநகர சபை வரி), தண்ணீர், மின்சார ரசீதுகளும் கைக்கு வந்த பின்னரே கையெழுத்து.

விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: டைல்ஸ் ஒட்டும் முன், சுவர் திறந்திருந்தபோது எடுத்த படங்கள். உண்மையாகவே பைப்பும் வயரும் மாற்றியவரின் போனில் அவை அநேகமாக இருக்கும். குடிபோன முதல் வாரம் திரைச்சீலைக் கம்பிக்கு ட்ரில் பிடிக்கும்போது வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்தப் படத்தைத்தான் தேடுவீர்கள்.