ஜாரெட் வெர்ஸின் புல் ரஷ்

சாக் (பந்தை எறியும் குவாட்டர்பேக்கை எறிவதற்கு முன்பே வீழ்த்துவது) கணக்கை மட்டும் பார்த்தால் 4.5தான். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில், 2024 புது வீரர்கள் தேர்வில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி 19ஆவதாக எடுத்த ஜாரெட் வெர்ஸுக்கா அந்த சீசனின் சிறந்த டிஃபென்சிவ் ரூக்கி (தடுப்பாட்டப் புதுமுகம்) விருது என்று கேட்கத் தோன்றும். அதே அணிக்கு, அதே ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புதுமுகம் பிரேடன் ஃபிஸ்க் 8.5 சாக் எடுத்தாரே!

ஆனால் வெர்ஸின் புல் ரஷ்ஷை, அதாவது தடுப்பவரைக் காளை மாதிரி நேராக முட்டித் தள்ளிக்கொண்டு போவதை, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஓரமாகச் சுற்றி ஓடப்போவது போல எட்டு வைப்பார். குவாட்டர்பேக்கைக் காக்க எதிரே நிற்கும் டேக்கிள் அதை நம்பிப் பின்வாங்கியதும் சட்டென்று நேராக நெஞ்சுக்குள் இறங்குவார். இடுப்பு தாழ்ந்திருக்கும், கைகள் எதிராளியின் கைகளுக்கு உட்புறம் போய்விடும், கால் மட்டும் நிற்கவே நிற்காது. அந்த மலை மாதிரி ஆளை அப்படியே குவாட்டர்பேக் மேல் தள்ளிவிடுகிறார். பயந்து நகரும் குவாட்டர்பேக்கை வேறு யாராவது பிடிப்பார்கள், சாக் பிடித்தவர் பெயரில் ஏறும்.

கைக்கு வந்த சாக்கை வெர்ஸ் கோட்டைவிடுவதும் உண்டு, மறுக்கவில்லை. கடைசி நொடியில் கைகளை இறுக்கப் பழகிவிட்டால் போதும்.

ராம்ஸின் தடுப்பாட்ட நட்சத்திரம் ஆரோன் டோனல்ட் ஓய்வு பெற்ற கையோடு வந்த சீசன் அது. ராம்ஸ் ரசிகர்களுக்கு மச்சம்தான்.