மேளக்காரண்ணன்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் நான் கணக்கு எழுதிய காலத்தில் எங்களிடம் ஒரு டிரைவர் இருந்தார். ஆபீசில் எல்லோருக்கும் அவர் மேளக்காரண்ணன். சுற்றுவட்டக் கோயில்களில் தவில் வாசிப்பவர். அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்தவர்கள், "நல்ல வித்தைக்காரர், பொழப்புக்காக ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டாரு" என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த ஸ்டியரிங் இருந்ததால்தான் தவில் கடைசிவரை அவர் தோளில் இருந்தது.

மேளக்காரர்களுக்கு வருமானம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வரும். தை, வைகாசி, ஆவணியில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணமே கிடையாது. ஆடியிலாவது மாரியம்மன் கோயில்கள் கைகொடுக்கும். மற்ற இரண்டு மாதமும் அடுப்பெரிய வேறு வழி வேண்டும். அப்போதுதான் அவர் நாக்பூர், டெல்லி என்று நீண்ட லைன் போவார். முகூர்த்த மாதங்களில் பெங்களூரு, கொச்சி என்று பக்கத்து லோடுதான்.

"தம்பி, வைகாசி பதினாலு எனக்கு மேளம் இருக்குதுங்க. அதுக்குள்ள ஊருக்குக் கொண்டாந்து சேர்த்துருங்க" என்பார். ரிட்டன் லோடு கிடைக்காமல் வண்டி நாள்கணக்கில் நிற்பது இந்தத் தொழிலில் சகஜம். அதனால் லோடு நோட்டுக்குப் பக்கத்திலேயே தினசரி காலண்டரையும் வைத்துக்கொண்டுதான் அவருக்கு வண்டி போடுவேன். முதலாளியும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

தார்ப்பாய்க் கயிறு இழுக்க மட்டும் அவர் வரமாட்டார். விரல் போனால் வாசிப்பு போச்சு. அந்த வேலைக்கென்று தன் பேட்டாவிலிருந்து கிளீனருக்குத் தனியாகக் காசு கொடுத்துவிடுவார். லோடு ஏறும்வரை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, துணிக் கீற்றைப் பசையில் தோய்த்து, வலது கை விரல்களில் ஒவ்வொன்றாகச் சுற்றி, தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூடு செய்வார். காய்ந்து இறுகியதும் பெஞ்சில் தட்டிப் பார்ப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடியும் சுற்றுவார்.

வண்டி கிளம்பும் முன் கிளீனர் லிவரால் டயர்களைத் தட்டிக்கொண்டே வருவான். அண்ணன் தள்ளி நின்று காது கொடுப்பார். "பின்னாடி உள் டயர்ல காத்து கம்மி, இன்னொருக்கா தட்டு" என்பார். கேஜ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமலிருக்க தகிட தகதிமி என்று ஏழு ஏழாகச் சொல்லிக்கொண்டே வருவாராம். கூடப்போன கிளீனர்களுக்கெல்லாம் மிஸ்ர நடை என்கிற அந்த ஏழு எண்ணிக்கைத் தாளநடை அப்படித்தான் மனப்பாடமானது.

தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குபவர்கள் உண்டு. எஞ்சின் பிடி இல்லாமல் பாரம் முழுவதும் பிரேக்கில் விழுந்து, டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் நிற்காது. எத்தனையோ உயிர் போன இறக்கம் அது. அண்ணன் மேட்டிலேயே கியரைக் குறைத்துவிடுவார். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் அவர் காலம், அதாவது வேகம், மாறாது. டீசல் கணக்கில் அவர் வண்டி சில டிரிப்பில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். நான் கேள்வி கேட்டதே இல்லை.

பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவரிடம் கிளீனராக இருந்த பையன் ஒருவன் முறையாகவே தவில் கற்றுக்கொண்டான். இப்போது கேரளாவுக்கு முட்டை வண்டி ஓட்டுகிறான். வைகாசி பிறப்பதற்கு முன்பே முகூர்த்தத் தேதிகளை எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான்.